பற்றாசும் சுடரும்: சிறு பட்டறைகளில் பாதுகாப்பு

சிறுதொழில் வளர்ச்சியைப் பற்றிய கூட்டங்களில் கடன் வசதி, மூலப்பொருள், சந்தை ஆகிய மூன்றும் தவறாமல் விவாதிக்கப்படுகின்றன. பட்டறையின் மூலையில் எரியும் சுடரைப் பற்றிய பேச்சு எழுவது அரிது. ஆயினும் மொராதாபாத்தின் பித்தளைக் கலங்களில் மூக்கைப் பொருத்துவதும், மிதிவண்டிச் சட்டங்களில் குழாய்களை இணைப்பதும், நாடெங்கும் குளிர்சாதனப் பெட்டிகளின் செப்புக் குழாய்களைப் பழுதுபார்ப்பதும் அந்தச் சுடரே. தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களும் பட்டறை உரிமையாளர்களும் கூடியுள்ள இந்த அவையில் முதன்மையாக எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பற்றாசை வாங்குவது என்பது கொள்முதல் பற்றிய முடிவு மட்டும் அன்று. அதைச் சுடரில் உருக்கும் தொழிலாளியின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பற்றிய முடிவும் ஆகும்.

பிரேஸிங் என்பது வெல்டிங் அன்று. வெல்டிங்கில் இணைக்கப்படும் உலோகங்களே உருகுகின்றன. பிரேஸிங்கிலோ அவை உருகுவதில்லை. அவற்றுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் உருகிய பற்றாசு தானாகவே ஈர்க்கப்பட்டுப் பரவி உறைகிறது. பற்றாசு 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகினால் அது பிரேஸிங்; அதற்குக் கீழே உருகினால் சாதாரண ஈயப்பற்று. பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுவதும் இந்த முறையே. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருந்தால் இணைப்பு உறுதியாக அமையும். இடைவெளி பெரிதாக உள்ள இடத்தில் கம்பியைக் கூடுதலாக உருக்கி நிரப்புவது பொருளையும் எரிவாயுவையும் வீணாக்குவதே அன்றி உறுதியைத் தராது.

பற்றாசுக் கம்பியின் தேர்வு, இணைக்கப்படும் உலோகத்தைப் பொறுத்தது. செம்போடு செம்பை இணைக்கப் பாஸ்பரஸ் கலந்த செப்புக் கம்பி போதுமானது. பாஸ்பரஸே செம்பின் மேலுள்ள ஆக்சைடை நீக்கிவிடுவதால், அங்குத் தனியாக இளக்கி தேவையில்லை. ஆனால் இதே கம்பியை இரும்பின் மீதோ எஃகின் மீதோ பயன்படுத்தினால், இணைப்பில் நொறுங்கும் தன்மையுள்ள படலம் உண்டாகிறது. பார்வைக்குக் குறையில்லாத அந்த இணைப்பு, அதிர்வு ஏற்படும்போது விட்டுவிடும். எஃகுக் குழாய்களுக்குப் பித்தளைக் கம்பி ஏற்றது. ஆனால் அது உருக 900 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். செம்பையும் எஃகையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டிய இடத்தில் வெள்ளி கலந்த பற்றாசே பொருத்தமானது.

வெள்ளிப் பற்றாசில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. உருகும் வெப்பநிலையைக் குறைப்பதற்காகப் பல காலமாக இதில் காட்மியம் சேர்க்கப்பட்டு வந்தது. 45 விழுக்காடு வெள்ளியும் 24 விழுக்காடு காட்மியமும் கொண்ட கலவை 620 டிகிரிக்குள் முழுமையாக உருகி, நீர் போல ஓடுகிறது. தொழிலாளர் இதனை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிறது. அனுபவம் குறைந்த கை சுடரைச் சற்று அதிக நேரம் ஒரே இடத்தில் பிடித்தால் இந்த வெப்பநிலை எளிதில் எட்டப்படும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு உடனே எதுவும் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குச் சென்ற பிறகு, காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் தோன்றும். சளிக்காய்ச்சல் என்று கருதி விட்டுவிடும் இந்த நிலை உயிருக்கே உலை வைக்கக்கூடும். சிறுகச் சிறுகச் சுவாசிப்பவர்களுக்குச் சிறுநீரகம் கெடுகிறது, புற்றுநோயும் வரலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2011 டிசம்பர் முதல் காட்மியம் கலந்த பற்றாசுகளைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவிட்டது. இந்தியாவில் பொற்கொல்லர்களிடையே "கே.டி.எம்." என்று பெயர் பெற்ற பொடியும் காட்மியம் சார்ந்ததே. நகை வாங்குவோரிடம் அச்சொல் தரத்தின் அடையாளமாகவே நெடுங்காலம் வழங்கியது. ஆனால் அந்தத் தரத்துக்கு உரிய விலையைப் பட்டறையில் ஊதியவரின் உடல் செலுத்தி வந்தது. காட்மியம் இல்லாத வெள்ளிப் பற்றாசு இன்று கிடைக்கிறது. வெள்ளியோடு சிறிதளவு வெள்ளீயம் சேர்த்த, 56 விழுக்காடு வெள்ளியுள்ள கம்பி 650 டிகிரி அளவில் உருகுகிறது. அதன் விலை கூடுதல் என்பது உண்மை. ஆனால் ஓர் இணைப்புக்குச் செலவாகும் கம்பி மிகச் சிறிது. இடைவெளி சரியாக இருந்து, மேற்பரப்பு துப்புரவாக இருந்தால், விலை உயர்ந்த கம்பியிலும் விரயம் குறையும்.

கம்பியை வாங்கும்போது பொட்டலத்தின் மேல் கலவை விவரம் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். விவரம் இல்லாத கம்பியில் காட்மியம் இருப்பதாகவே கொள்வது அறிவுடைமை. இளக்கியின் தேர்வும் முக்கியமானது. வெண்காரம் பித்தளைக் கம்பிக்கு ஏற்றது. ஆனால் அது உருகவே 740 டிகிரிக்கு மேல் வெப்பம் தேவை என்பதால், குறைந்த வெப்பத்தில் உருகும் வெள்ளிப் பற்றாசுக்குப் பயன்படாது. அதற்கு ஃபுளோரைடு கலந்த பசை வேண்டும். அதன் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் என்பதால் காற்றோட்டம் இன்றியமையாதது. துத்தநாகம் பூசிய இரும்பின் மீது சுடர் படும்போதும் நச்சுப் புகை எழுகிறது. இணைக்க வேண்டிய இடத்தில் பூச்சை முன்னதாகவே நீக்கிவிட வேண்டும்.

அடுத்து எரிவாயு. அசிட்டிலீன் காற்றில் 2.5 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும் தன்மையுடையது. சிலிண்டரினுள் அது அசிட்டோனில் கரைந்த நிலையில் உள்ளது. ஆகவே சிலிண்டரைப் படுக்க வைத்துப் பயன்படுத்தினால் அசிட்டோனும் சேர்ந்து வெளிவரும். ரெகுலேட்டருக்கு வெளியே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராமை எட்டக்கூடாது; மிஞ்சினால், காற்றே இல்லாமலும் அந்த வாயு வெடிக்கக்கூடும். அசிட்டிலீன் செல்லும் பாதையில் தூய செப்புக் குழாயை இணைப்பாக வைப்பதும் தவறு. அங்கு வெடிக்கும் தன்மையுள்ள சேர்மம் உருவாகும்.

ஆக்சிஜன் தானே எரிவதில்லை. ஆனால் எரிவதை வெறியுடன் எரியச் செய்வது. அதன் வால்விலோ ரெகுலேட்டரிலோ எண்ணெயும் கிரீஸும் படவே கூடாது. ஆடையிலுள்ள தூசியை ஆக்சிஜனால் ஊதித் தள்ளும் வழக்கம் சில பட்டறைகளில் காணப்படுகிறது. ஆக்சிஜன் ஊறிய ஆடை ஒரு பொறியிலேயே உடலோடு சேர்ந்து எரியும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலும் பள்ளத்திலும் தங்கி, தொலைவில் உள்ள அடுப்பையோ சுவிட்சையோ அடைந்து தீப்பற்றும். 14.2 கிலோ எடையுள்ள வீட்டுச் சிலிண்டரைப் பட்டறைக்குக் கொண்டுவருவது சட்டப்படியும் குற்றம். தொழிலுக்கென 19 கிலோ சிலிண்டர் தனியே உள்ளது.

நாள்தோறும் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு எளியதே. சிலிண்டர்களை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுக. இணைப்புகளைச் சோப்பு நீரால் சோதிக்க, தீக்குச்சியால் அன்று. இரு குழாய்களிலும், சுடர் பின்வாங்குவதைத் தடுக்கும் கருவியைப் பொருத்துக. முதலில் எரிவாயுவைச் சிறிதளவு திறந்து, பொறி உண்டாக்கும் கருவியால் பற்றவைத்து, அதன் பின் ஆக்சிஜனைத் திறக்க. சுடர் சீறலுடன் உள்ளே பின்வாங்கினால் உடனே ஆக்சிஜனை மூடி, அடுத்து எரிவாயுவை மூடுக. கண்ணுக்கு 3 அல்லது 4-ஆம் எண் நிறக் கண்ணாடி அணிக.

குளிர்சாதனப் பழுதுபார்ப்போருக்கு மேலும் சில எச்சரிக்கைகள் உண்டு. புதிய குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் எரியும் வாயு நிரப்பப்பட்டுள்ளது. அதை முழுவதும் அகற்றி, நைட்ரஜன் செலுத்தித் துப்புரவு செய்யாமல் குழாயில் சுடர் வைப்பது தீயை அழைப்பதாகும். கசிவைச் சோதிக்க நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனைச் செலுத்துவது கம்ப்ரஸரையே வெடிக்கச் செய்யும். இணைக்கும் வேளையில் குழாயினுள் நைட்ரஜன் மெல்ல ஓடினால் உட்புறம் கருகாது. கம்ப்ரஸரின் ஆயுளும் நீளும்.

மூவரோ நால்வரோ உழைக்கும் பட்டறைக்குள் ஆய்வாளர் அடிக்கடி வருவதில்லை. அங்குக் காவல், பொருளைப் பற்றிய அறிவே. அந்த அறிவு பயிற்சி நிலையங்களில் தொடங்க வேண்டும்: மாணவர் சுடரைக் கையில் எடுக்கும் முன்பே கம்பிப் பொட்டலத்தின் விவரத்தைப் படிக்கக் கற்க வேண்டும். அருகருகே இயங்கும் பட்டறைகள் ஒன்றுசேர்ந்து காட்மியம் இல்லாத கம்பியையும் சுடர்த் தடுப்புக் கருவிகளையும் மொத்தமாக வாங்கினால், தனியொருவருக்குப் பாரமாகத் தோன்றும் செலவு பலருக்கும் எளிதாகும். தொழிற்கூட்டமைப்புகள் மேற்கொள்ளத்தக்க முதற்பணி இதுவே. நன்கு அமைந்த இணைப்பு பல ஆண்டுகள் உழைக்கிறது. அதை உருவாக்கிய கைகளும் அத்தனை ஆண்டுகள் நலமாக உழைக்க வழி செய்யும்போதே தொழில் வளர்ச்சி முழுமை பெறும்.