உதவி முடிந்த பின்னும் நிற்கும் சங்கம்
(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



1990இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்த உங்களில் பலர், இருபது இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகே சொந்தக் காணியை மிதித்திருக்கிறீர்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் விடுவிக்கப்பட்டது. வீடு, கிணறு, மலசலகூடம் என்பவற்றுக்கு எங்களைப் போன்ற நிறுவனங்கள் உதவும். ஆனால் எங்கள் வேலைத்திட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு. அதன் பின்னும் தொழிலைக் கொண்டு நடத்த ஊருக்குள் ஓர் அமைப்பு வேண்டும்.

அது எமக்குப் புதிதல்ல. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இல் வந்தது. வட்டிக்காரரிடம் போகாமல் கமக்காரர் கடன் பெறுவதே அன்றைய தேவை. பின்னர் திருவிதாங்கூருக்குப் போன யாழ்ப்பாணப் புகையிலையைச் சேர்ந்து விற்கச் சங்கம் உருவானது. 1936இல் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. 1950களின் பிற்பகுதியில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1970களில் சீவல் தொழிலாளர் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. முதலில் சேமிப்பும் கடனும், அடுத்து விற்பனை, பிறகு பொதுச்சேவை என்று ஒரு தேவையிலிருந்து அடுத்ததற்கு அவை வளர்ந்தன. யுத்தம் அங்கத்தவர்களைச் சிதறடித்தது. மீண்டும் தொடங்கும் நாமும் ஒரு சிறு தேவையிலிருந்தே தொடங்கலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. புதுச் சங்கம் பதியுமுன், பழைய சங்கத்தின் பதிவு இன்னும் இருக்கிறதா என்று கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தில் விசாரியுங்கள். அதன் பெயரில் காணியோ கட்டடமோ இருக்கக்கூடும்.

2. காணியில்லாதவர்களையும் பெண் தலைமைக் குடும்பங்களையும் அங்கத்தவராகச் சேருங்கள். அவர்கள் வெளியே நின்றால் சங்கம் சிலரின் சொத்தாகிவிடும்.

3. படகு, நீரிறைக்கும் இயந்திரம் போன்றவற்றைப் பொதுவாகப் பெறுமுன், யார் பொறுப்பு, வாடகை எவ்வளவு, திருத்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று கூட்டத்தில் தீர்மானித்து எழுதிவையுங்கள். எழுதாத இடத்தில், இயந்திரம் பழுதானதும் சங்கமும் உடைந்துபோகிறது.

4. கிழமைத் தவணைக் கடனுக்குக் கையொப்பமிடுமுன் வருட வட்டியைக் கேளுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்காதீர்கள்.

5. கணக்கறிக்கையைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்பது அங்கத்தவரின் உரிமை.

பழைய பங்குப் புத்தகம், பற்றுச்சீட்டு ஏதும் இடப்பெயர்வில் தப்பியிருந்தால், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.