உணர்வு இழந்த கை



இசையும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் நோயைப் பற்றி நாம் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் நம் காலனி வீடுகளில் முதியோர் பெருகி வருகின்றனர். அவருள் ஒருவர் பக்கவாதத்தால் மருத்துவமனை சென்று மீண்டால், கையைப் பேணும் பொறுப்பு வீட்டாரையே சாரும்; ஓடிவந்து உதவ ஊர் உறவினர் இங்கே இல்லை.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ இந்நோய் உண்டாகிறது. கை அசையாமற் போவதை எல்லாரும் காண்கின்றனர். பலருக்கு அதனுடன் தொடுவுணர்வும் போய்விடுகிறது. அதைக் கவனிப்போர் சிலரே. அசைவு ஓரளவு திரும்பிய பின்னரும், காப்பித் தம்ளரை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று விரல்களுக்குத் தெரிவதில்லை. கண்ணை அப்பால் திருப்பியதும் தம்ளர் நழுவுகிறது. கவனமில்லை என்று வீட்டார் கடிந்து கொள்கின்றனர். பாவம், அவர் என் செய்வார்?

1895-இல் இங்கிலாந்தில் மாட், ஷெரிங்டன் என்னும் இரு அறிஞர்கள் ஒரு சோதனை செய்தனர். குரங்கின் கையிலிருந்து உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு வேர்களை மட்டும் அறுத்தனர். அசைவுக்குரிய நரம்புகளைத் தொடவில்லை. எனினும் குரங்கு அக்கையைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டது! உணராத கை, வலுவிருந்தும் வாளாவிருக்கும் என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் உணர்வை மீட்க வழியுண்டா? எண்ணெய் தேய்த்துக் கையைப் பிடித்துவிடுவதே போதுமென்று நம்மவர் பலர் கருதுகின்றனர். இதமாயிருக்கும், தவறன்று. ஆனால் ஆஸ்திரேலியாவில் லீயான் கேரி அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 50 பேரைக் கொண்டு நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. பொருள்களைச் சும்மா தொடுவித்தவர்களைவிட, வேறுபாட்டைக் கண்டறியுமாறு முறையாகப் பயிற்றப்பட்டவர்கள் மிகுந்த முன்னேற்றம் கண்டனர். தடவுவதைவிட வினவுவதே பயன்மிக்கது என்க.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. உப்புத்தாள், கோணித்துணி, பட்டுத்துணி இவற்றை எடுத்துக்கொள்க. நோயாளி கண்மூடியிருக்க, ஒவ்வொன்றின்மீதும் அவர் விரலை நகர்த்தி, ‘எது சொரசொரப்பு?’ என்று கேட்க வேண்டும். விடை பிழையானால் கண்திறந்து பார்க்கட்டும். நலமான கையால் தொட்டு ஒப்பிடட்டும். மீண்டும் கண்மூடித் தொடட்டும். எளிதானது கைவந்தபின், இருவகைப் பருத்தித் துணிபோல் நுண்ணிய வேறுபாட்டுக்குச் செல்லலாம். அரிசிப் பாத்திரத்தில் சாவி, நாணயம், பொத்தான், புளியங்கொட்டை ஆகியவற்றைப் புதைத்துத் தேடச் சொல்வதும் நன்று. இவ்விளையாட்டில் பேரப்பிள்ளைகளைவிடச் சிறந்த ஆசிரியர் யார்? அவர்களுக்குச் சலிப்பே கிடையாது.

தமிழகத்திற் பிறந்த விளையனூர் இராமச்சந்திரன் அவர்களின் கண்ணாடி முறையையும் இவ்விடத்தில் குறிப்பிடல் தகும். கையிழந்தோரின் வலி தீர அவர் கண்ட அம்முறை, 1999 முதல் பக்கவாதக் கைகளுக்கும் ஆராயப்பட்டு வருகிறது. நலமான கையின் நிழல், நோயுற்ற கையே அசைவதுபோல் கண்ணாடியில் தோன்றும்.

எப்பயிற்சியையும் மருத்துவரிடம் கேட்டே தொடங்குக. களைத்தால் நிறுத்துக. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர், தோள் கெடும். குளிக்கும் நீரின் சூட்டை நலமான கையாலேயே பார்க்கச் சொல்லுங்கள். உணர்வற்ற கை கொதிநீரிலும் தன்னை இழுத்துக்கொள்ளாது. அடுப்பினருகிலும் இஸ்திரிப் பெட்டியினருகிலும் அதே கவனம் வேண்டும்.