எத்தனை பேர் வந்தனர்? எத்தனை பேர் எழுதினர்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் நிற்க வேண்டிய மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பாலக்காட்டு இரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைக்கும் எம்மை நிறுத்தியிருக்கிறீர்கள். ஆகவே யாம் அறிந்த தொழிலைக் கொண்டே பேசத் துணிகிறோம். ஒரு நகரத்துக் கலைக்கூடங்களும் அருங்காட்சியகங்களும் எந்த அளவுக்குத் திறனாய்வாளரின் கவனத்தைப் பெறுகின்றன, அதை எப்படி அளப்பது என்பதே எமது பொருள்.

எளிய வழி ஒன்று உண்டு. வாயிலில் விற்ற சீட்டுகளை எண்ணிவிடலாம். ஆனால் சீட்டு, கால்கள் வந்ததைக் காட்டுமேயன்றிக் கண்கள் கண்டதைக் காட்டாது. மழைக்கு ஒதுங்கியவனும், ஒரு சிலையின் முன் பகல் முழுதும் நின்றவனும் வாங்குவது ஒரே சீட்டுத்தான். எமது நிலையத்தில் விற்கும் நடைமேடைச் சீட்டும் அவ்வாறே. வழியனுப்பி அழுதவர் யார், வேடிக்கை பார்த்தவர் யார் என்று அது சொல்வதில்லை.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை எண்ணிப் பாருங்கள். 1851-இல் தோன்றிய நிலையம் அது. அங்குள்ள திருவாலங்காட்டு நடராசர் முதலிய செப்புத் திருமேனிகளின் நிழற்படங்களைக் கண்டு, பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1917-இல் அவர் மறைந்தார். 1921-இல் கட்டுரை அச்சேறியது. அவர் எழும்பூர் வாயிலைக் கண்டவரல்லர். சீட்டுக் கணக்கில் அவர் வெறும் சுழி. ஆயினும் அத்திருமேனியை மேலைநாட்டார் உற்று நோக்கச் செய்தவருள் அவரும் ஒருவரன்றோ?

ஆகவே எமது பேரேட்டில் நான்கு பத்திகள் வகுப்போம். முதலாவது, ஓராண்டில் வெளிவந்த கட்டுரைகள் எத்தனை? இரண்டாவது, எழுதியவர் எத்தனை பேர்? ஒருவரே பத்துக் கட்டுரை எழுதினால், அது ஒருவரின் கவனமே. மூன்றாவது, எந்த மொழியில்? நான்காவது, எழுதியது பொருளைப் பற்றியா, பொன்னாடையைப் பற்றியா? குத்துவிளக்கை ஏற்றியவர் யார் என்னும் செய்தி திறனாய்வாகாது. குறை கூறும் கட்டுரையையோ வரவில்தான் வைக்க வேண்டும். குறை காண்பதற்கும் உற்றுப் பார்த்தல் வேண்டுமே! நகரங்களை ஒப்பிடும்போது, மொத்தத்தைக் கூடங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பெரிய கூடம் ஒன்றே எல்லாக் கவனத்தையும் வாங்கிக்கொண்டதா என்றும் பார்க்க வேண்டும்.

இக்கணக்கில் எழும்பூர் வறியதன்று. செப்புத் திருமேனிகளுக்குக் கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் 1932-இல் விளக்கப் பட்டியல் தந்தனர். சி. சிவராமமூர்த்தி 1942-இல் அங்குள்ள அமராவதிச் சிற்பங்களைப் பற்றிப் பெருநூல் தந்தார். இவை ஆங்கில நூல்கள். தமிழில் மயிலை சீனி. வேங்கடசாமியின் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' 1956-இல் வந்தது. தஞ்சைக் கலைக்கூடம் 1951-இல் உருவாக உழைத்த பாஸ்கரத் தொண்டைமான், சிற்பங்களைப் பற்றிச் சுவைபட எழுதினார். மூன்றாம் பத்தியில் தமிழின் கட்டம் வெறுமையன்று. ஆனால் இவர்களுக்குப்பின் அதை நிரப்புவது யார் கடன்?

இனி நம் வாசலுக்கு வருவோம். மலம்புழையில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் அமைத்த யட்சி, கூரையில்லாத கலைக்கூடம் போன்றது. அன்று அதை எதிர்த்தோரும் உண்டு, போற்றினோரும் உண்டு. நாம் விடுமுறைதோறும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அதைப் பற்றி என்ன சொன்னோம்?

நம்முள் மலைத்தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த குடும்பங்களும் உள. எமது குடும்பமும் அவற்றுள் ஒன்று. மூணாற்றில் நல்லதண்ணித் தோட்டத்தில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்த குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலின் எஞ்சின் சக்கரம் ஒன்று அங்கே உண்டு. நாசரேத்துக் கைத்தொழிற்பள்ளியில் 1913-இல் செய்த கருங்கல் சூரியக் கடிகாரமும் உண்டு. தமிழ்நாட்டுக் கைகள் செதுக்கிய கல், தமிழர் உழைத்த மலையில் நிற்கிறது!

அம்மலையில் கொழுந்து கிள்ளிய எம் அன்னையை, சென்ற ஆண்டு அங்கே அழைத்துச் சென்றோம். யாம் சக்கரத்தின் முன் நின்றுவிட்டோம். அவரோ இலையை உருட்டும் பழைய பொறியின் முன் நெடுநேரம் நின்று, "இது ஓடுகிற சத்தம் லயம் வரைக்கும் கேட்குமே!" என்றார். எந்தத் திறனாய்வாளரும் எழுத இயலாத வரி அது. அது எந்த ஏட்டில் ஏறியது? அன்று அங்கே கணக்கில் ஏறியவை எமது இரண்டு சீட்டுகள் மட்டுமே.

வீடு திரும்பியபின், எம்மிடமுள்ள நம் சங்க மலர்களைப் புரட்டினோம். விழாப் படங்கள் நிறைய, வாழ்த்துரைகள் நிறைய. யட்சிக்கு ஒரு பக்கமில்லை. சக்கரத்துக்கு ஒரு வரியில்லை. பிறரைக் குறை கூற வந்த எமது பேரேட்டில், நாமே பொன்னாடைக் கணக்குக்காரராக நிற்கிறோம். அம்மலர்களில் எழுதியவருள் யாமும் ஒருவர் என்பதால், இதை வெட்கத்தோடு சொல்கிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த மலரில் இரண்டு பக்கங்களை ஒதுக்குங்கள். உறுப்பினர் ஒருவர் ஏதேனும் ஒரு பொருளின் முன் அரைமணி நேரம் நின்று, கண்டதை எழுதட்டும். புகழ்ந்தாலும் சரி, பழித்தாலும் சரி. முதற்கட்டுரையை எம் அன்னை சொல்வார்; யாம் எழுதித் தருவோம். அவருக்கு வயதாகிறது, அடுத்த மலருக்கு அடுத்தது என்று தள்ளிவிடாதீர்கள்.