மணச்சட்டையும் தையற்காரியும்

கண்டி நகரில் முகூர்த்த நாள் நெருங்குங்கால், மணமகளின் தாயாருக்கு நகைக்கடையினும் தையற்கடையே பெருங்கவலை தருகின்றது. நகை பிந்தினால் உறவினரிடம் இரவல் பெறலாம். உடலுக்கு ஒவ்வாத சட்டைக்கு மாற்றுச் சட்டையை எவரிடம் இரவல் கேட்பது?

இங்கு இருவகை மணக்கோலங்கள் அருகருகே தைக்கப்படுகின்றன. கண்டிச் சிங்கள மணமகள் உடுப்பது ஒசரி. அதன் கொசுவத்தின் மேல்விளிம்பு இடையில் மடிந்து சுருக்காய்த் தொங்கும். சட்டையின் கை தோளருகே புடைத்து நிற்கும். தமிழ் மணமகளுக்கோ கூறைச் சேலை. தென்னாட்டு உடை இம்மலைநகருக்குப் புதிதன்று. கண்டி மன்னர்கள் மதுரையிலிருந்து பெண்ணெடுத்தார்கள். அப்பெண்வழி உறவினரே 1739 முதல் 1815 வரை அரியணையிலும் இருந்தார்கள். ஊசித்தொழில் இங்கே அந்நியனுக்கும் சோறிட்டதுண்டு. 1660ஆம் ஆண்டிற் சிறைப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், கண்டி நாட்டுச் சிற்றூர்களிலே தொப்பி பின்னி விற்றும் சீவனம் நடத்தினார்.

கூறைச் சேலையில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. அது மணமகன் வீட்டாரின் சீர். மணமகள் வேறொரு சேலையுடன் மணவறைக்கு வந்து, கூறையைப் பெற்றபின் உள்ளே சென்று அதனை உடுத்து மீள்வாள்; அதன் பின்னரே தாலி கட்டப்படும். முகூர்த்தம் எவருக்காகவும் காத்திராது. ஆகவே கூறைக்குரிய சட்டை முன்னரே தைக்கப்பட்டிருத்தல் வேண்டும்; சேலையோ சம்பந்தி வீட்டுப் பெட்டியில் இருக்கும்! சட்டைத்துணியை மட்டும் முன்னதாக வெட்டித் தருமாறு கேட்பதில் நாணம் வேண்டியதில்லை. அவர்கள் தயங்கினால் அதே நிறப் பட்டினை வேறாக வாங்குவதே நன்று.

இனித் தையற்காரியைத் தெரிவு செய்வது எங்ஙனம்? கடையில் தொங்கும் சட்டையின் வெளியழகைக் கண்டு மயங்குவோரே பலர். அச்சட்டையை உட்புறம் திருப்பிக் காட்டச் சொல்லுதல் வேண்டும். ஓரங்கள் நூல் பிரியாமல் அடைக்கப்பட்டுள்ளனவா, பக்கத் தையலில் ஓரங்குலமேனும் மிகுதுணி விடப்பட்டுள்ளதா என்று பார்க்கலாம். மணநாள் நெருங்க நெருங்கப் பெண் மெலிவதும் உண்டு, விருந்துண்டு பருப்பதும் உண்டு. பட்டிலே ஊசி பட்ட துளை எளிதில் மறையாது. தையலைப் பிரித்தாலும் அடையாளம் நிற்கும். ஆதலின், முதலிற் பருத்தித் துணியில் ஒரு மாதிரி தைத்து உடுத்திப் பார்க்கச் சொல்பவள் கைதேர்ந்தவள். அளவெடுப்பவளும் துணி வெட்டுபவளும் ஒருத்திதானா என்பதையும் கேட்டறிதல் நலம். "இம்மாதம் இயலாது" என்று மறுப்பவளிடம் கோபம் கொள்ளற்க. எல்லார்க்கும் தலையசைப்பவளே அஞ்சத்தக்கவள்.

கலகா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து வருவோர்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாட்கூலியை விழுங்குவது. அத்தகையோர் நகரின் பெரிய கடையை நாடுவதினும், அண்மையிலுள்ள திறமையான ஒருத்தியிடம் கொடுப்பதே அறிவுடைமை. இருமுறை அளவு பார்க்க இயலாத இடத்தில் எத்துணைப் பேர்பெற்ற கையும் தவறும்.

மணநாளுக்கு ஒரு வாரம் முன்பே சட்டையைப் பெற்று அணிந்து பார்த்தல் வேண்டும். நின்று கண்ணாடி பார்த்தால் மட்டும் போதாது. தரையில் அமர்ந்து, மாலையிடுவது போலக் கைகளை உயர்த்தி, தாலிக்குக் கழுத்தைத் தாழ்த்திப் பார்க்கட்டும். கொளுக்கிகள் தோழியின் விரலுக்கு விரைவில் அகப்படுகின்றனவா என்பதையும் அப்போதே சோதித்துக் கொள்ளலாம்.