பெருவிரல் முதலில் பழகட்டும்



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில், என் மாணவன் ஒருவனின் தந்தை பள்ளிக்கு வந்தார். அவர் கையில் ஒரு பழைய கித்தார். “வாத்தியாரய்யா, இதை உங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டி விடுங்கள். இதைத் தொட்டதிலிருந்து பையன் புத்தகத்தைத் தொடுவதில்லை. கித்தார் பிடித்தவன் உருப்பட்டதாகச் சரித்திரம் உண்டா?” என்றார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. வாங்கிப் பூட்டி வைத்தேன். சோதனை முடிந்து அலமாரியைத் திறந்தபோது தந்திகளில் துரு ஏறியிருந்தது. பையனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். “வேண்டாம் சார்” என்று சொல்லிப் போய்விட்டான். அந்த இரண்டு சொற்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன.

அந்தத் தந்தை கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பின்னர் தேடிப் படித்தேன். அந்தப் பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நேயர்களே, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் என்ற மலைத்தொடர் உண்டு. வர்ஜினியா, கென்டக்கி, வட கரோலினா ஆகிய மாநிலங்களில் அம்மலையின் பகுதிகள் பரவியுள்ளன. அங்கே வாழ்ந்தவர்களில் பலர் சிறு விவசாயிகள், மரம் அறுப்போர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், நூலாலைத் தொழிலாளர். நாட்டுப்புற இசை, கன்ட்ரி இசை, புளூகிராஸ் இசை என்று இன்று உலகம் கேட்கும் இசை பெரும்பாலும் இத்தகைய உழைப்பாளிகளின் வீட்டுத் திண்ணையில் வளர்ந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். இசைப்பள்ளி இல்லை, பாடநூல் இல்லை. காதால் கேட்டு, கையால் பழகினார்கள்.

1927ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், பிரிஸ்டல் என்ற ஊருக்கு இசைத்தட்டு நிறுவனம் ஒன்று ஒலிப்பதிவு செய்ய வந்தது. அங்கே பாட வந்தவர்களுள் கார்ட்டர் குடும்பத்தினர் மூவர். அவர்களில் கித்தார் வாசித்த மேபெல் கார்ட்டருக்கு வயது 18. அவர் ஒரு புது வழியைக் கையாண்டார். பாட்டின் மெட்டைப் பெருவிரலால் தடித்த தந்திகளில் வாசிப்பார். இடையிடையே சுட்டுவிரலால் மெல்லிய தந்திகளை வருடித் தாளம் கொடுப்பார். ஒரே கித்தாரில் மெட்டும் கேட்டது, தாளமும் கேட்டது. இதற்குக் ‘கார்ட்டர் முறை’ என்றே பெயர் வந்துவிட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கு இன்றும் ஏற்ற முறை இதுதான்.

அடுத்து, கென்டக்கி மாநிலத்து நிலக்கரிப் பகுதி. அங்கே சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1917இல் பிறந்தவர் மெர்ல் டிராவிஸ். பெருவிரல் தடித்த தந்திகளை மாறி மாறி, கடிகாரம் போல நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருக்கும். சுட்டுவிரல் மேலே மெட்டை வாசிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இருவர் வாசிப்பது போலத் தோன்றும். இதை அவர் தம் வட்டாரத்துத் தொழிலாளர்களிடமே கற்றார். அவர்களுக்கு முன்பு அந்த வட்டாரத்தில் இந்த வாசிப்பைப் பரப்பியவர்களில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியும் ஒருவர்.

டிராவிஸ் 1946இல் பதிவு செய்த ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ என்ற பாட்டு, நாளெல்லாம் நிலக்கரி வெட்டியும் கம்பெனிக் கடைக் கடன் தீராத தொழிலாளியின் கதை. தோட்டத்துக் கடையில் பற்று வைத்து வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு அந்தப் பாட்டின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கென்டக்கிக்குப் ‘புளூகிராஸ் மாநிலம்’ என்று ஒரு பட்டப் பெயர் உண்டு. அங்கே பிறந்த பில் மன்றோ தம் குழுவுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். பின்பு அவ்வகை இசைக்கே அது பெயராயிற்று. மரபான புளூகிராஸ் குழுவில் மத்தளமோ முரசோ கிடையாது. தாளத்தைத் தாங்குவதில் கித்தாருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே அங்கே வேகமாக வாசிப்பவனைவிடத் தாளம் தவறாமல் வாசிப்பவனுக்கே முதல் மதிப்பு.

இனி, கற்கும் முறையைப் பார்ப்போம். கித்தாரில் ஆறு தந்திகள். தடித்ததிலிருந்து மெல்லியது வரை அவற்றின் சுருதி இ, ஏ, டி, ஜி, பி, இ. முதல் வேலை சுருதி கூட்டுவது. சுருதி சேராத கித்தாரில் எவ்வளவு உழைத்தாலும் காது கெட்டுப்போகும். அடுத்து, இடக்கை விரல்களால் தந்திகளை அழுத்திப் பல சுரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்யும் பிடிகள். இவற்றைக் கோர்டு என்பார்கள். ஜி, சி, டி என்ற மூன்று பிடிகள் தெரிந்தால் போதும். இந்த வகைப் பாடல்கள் ஏராளமானவற்றை வாசித்துவிடலாம்.

வலக்கையை இப்படிப் பழக்குங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக் காலால் தாளம் தட்டுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் பெருவிரல் தடித்த தந்தி ஒன்றைத் தட்டட்டும். இரண்டிலும் நான்கிலும் சுட்டுவிரல் மெல்லிய தந்திகளை வருடட்டும். பிடி மாற்றும்போது தாளம் நின்றால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்று பொருள், வேகத்தைக் குறையுங்கள். பெருவிரல் நினைக்காமலே தானாக நடக்கும் வரை மெட்டுக்குப் போகாதீர்கள். இரும்புத் தந்தி என்பதால் முதல் சில வாரங்கள் விரல் நுனி வலிக்கும். பிறகு தோல் கெட்டிப்பட்டுவிடும். நாள்தோறும் கால் மணி நேரம் பழகுவது, வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் பழகுவதைவிட நல்லது. மரம் சீவுகிற கை ஒரே நாளிலா பழகியது? பட்டையில் கத்தி எவ்வளவு இறங்கலாம் என்பதைக் கை அறிய எத்தனை நாள் ஆயிற்று! இதுவும் அப்படித்தான்.

பெற்றோர்களே, இப்போது இரண்டு பிள்ளைகளின் கதையைக் கேளுங்கள்.

எலிசபெத் காட்டன் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக இருந்தபோதே வீட்டு வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் 75 காசு. அதில் சேர்த்து 3 வெள்ளி 75 காசுக்கு ஒரு கித்தார் வாங்கினார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். தந்திகளை மாற்றிக் கட்டாமல் கித்தாரையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தார். ஆகவே பிறர் பெருவிரலால் செய்வதை அவர் மற்ற விரல்களால் செய்தார். பிறர் விரல்களால் வாசிக்கும் மெட்டை அவர் பெருவிரலால் வாசித்தார். ‘ஃபிரைட் டிரெய்ன்’ என்ற புகழ்பெற்ற பாட்டை அவர் இளம் பருவத்திலேயே இயற்றினார். ஆனால் இது உலகியல் இசை, ஆகாது என்று தேவாலயத்தார் சொல்ல, கித்தாரை வைத்துவிட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அதை எடுக்கவில்லை. பிறகு, வேலைக்குப் போன ஓர் இசைக் குடும்பத்தின் வீட்டில் சுவரில் மாட்டியிருந்த கித்தாரை எடுத்து வாசித்தபோதுதான் அவரை உலகம் அறிந்தது. முதல் இசைத்தட்டு 1958இல் வந்தது. 1985இல், முதிர்ந்த வயதில், கிராமி விருது பெற்றார். 1987இல் மறைந்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நாம் சொல்லலாம். இழந்த அந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

இரண்டாமவர் டாக் வாட்சன். 1923இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே நோயால் கண்பார்வை போயிற்று. சிறுவனாக இருந்தபோது வீட்டில் ஓர் இரவல் கித்தார் கிடைத்தது. அவர் அதைத் தடவிக்கொண்டிருப்பதைத் தந்தை கண்டார். “நான் வேலை முடிந்து வருவதற்குள் ஒரு பாட்டைக் கற்றுக்கொள். உன் உண்டியல் பணத்தோடு நானும் சேர்த்துக் கித்தார் வாங்கித் தருகிறேன்” என்றாராம். மாலையில் தந்தை திரும்பியபோது கார்ட்டர் குடும்பத்தாரின் பாட்டு ஒன்றை மகன் பாடி வாசித்தான். தந்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்தப் பிள்ளை வளர்ந்து, பிடிலில் வாசிக்கும் வேகமான மெட்டுகளைக் கித்தாரில் ஒரு சிறு தகட்டால் ஒவ்வொரு சுரமாக மீட்டி வாசித்து, கித்தார் கலைஞர்களுக்கெல்லாம் ஆசானாக விளங்கினார். 2012இல் காலமானார்.

அந்தத் தந்தை செய்ததைப் பாருங்கள். கேட்டவுடன் வாங்கிக் கொடுக்கவில்லை, பூட்டியும் வைக்கவில்லை. ஒரு நாள் தவணை கொடுத்தார். பிள்ளையின் ஆசை உண்மையா என்று சோதித்தார். உண்மை என்று தெரிந்ததும் வாக்குத் தவறவில்லை.

நாமும் அப்படிச் செய்யலாம். பாடம் முடிந்த பின் கால் மணி நேரம். ஒரு மாதத்தில் ஒரே ஒரு பாட்டு, தாளம் பிசகாமல் வாசித்துக் காட்ட வேண்டும். காட்டினால் தொடரட்டும். எல்லாப் பிள்ளைகளும் பேர் பெற்ற கலைஞர்களாக மாட்டார்கள். ஆனால் ஒன்றைப் பொறுமையாகப் பழகிய கை, வேறொன்றையும் பொறுமையாகப் பழகும். இதை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன்.

அந்தப் பழைய கித்தாருக்குப் புதுத் தந்தி மாட்டினேன். இப்போது அது பள்ளியில் பூட்டு இல்லாத இடத்தில் இருக்கிறது. கேட்கும் பிள்ளைக்குக் கொடுப்பேன். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொல்வேன்: “முதலில் பெருவிரல் பழகட்டும்.”