கடலோர வீட்டின் வளர்ப்புப் பிராணிகள்



ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ நீண்டு கிடக்கும் மணல் நிலம் உச்சமுனை. கற்பிட்டியிலிருந்து அங்கே செல்வோர் படகேறியே செல்லல் வேண்டும். அரிசி மூடை படகில் வருகின்றது. பிள்ளைகளின் கொப்பிகள் படகில் வருகின்றன. நோயுற்றவர் வைத்தியரை நாடிச் செல்வதும் படகிலேயே. மீன்பிடித் தொழிலையே பெரிதும் நம்பி வாழும் இத்தகைய ஊர்களில் நாயும் பூனையும் வீட்டாருடன் ஒன்றி வாழ்கின்றன. இரவில் வலைக்கும் வள்ளத்துக்கும் காவல் நாய். எலியினின்றும் வலையைக் காப்பது பூனை. இவ்விரண்டையும் நோயின்றிப் பேணுவதற்கு மிருக வைத்தியர்கள் கூறும் அறிவுரைகளுள், கடலோர மக்களுக்கு இன்றியமையாதவை சிலவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் உணவும் நீரும். மீன் மலிந்த ஊரில் பிராணிக்கு உணவுக் கவலை இல்லை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பூனைக்கு நாள்தோறும் பச்சை மீனை மட்டுமே இடுதல் நன்றன்று. சிலவகைப் பச்சை மீன்களில் உள்ள ஒரு பொருள் உயிர்ச்சத்து பீ-1ஐ அழித்துவிடும். நாளடைவில் பூனை தள்ளாடி நடக்கும், வலிப்பும் கொள்ளும். மீனை அவித்துச் சோற்றுடன் பிசைந்து கொடுத்தால் இத்தீங்கு நேராது. வலையில் அகப்படும் பேத்தை மீனைக் கரையில் எறிந்துவிட்டுப் போவது பலருக்கும் வழக்கம். அதன் நஞ்சு அவித்தாலும் அழியாது. அதனைத் தின்னும் நாயும் பூனையும் உடல் மரத்து, மூச்சடைத்து மாளும். ஆகவே அதனை ஆழப் புதைத்தல் வேண்டும். தூண்டில் முள்ளை விழுங்கிய நாயின் வாயிலே நரம்பு தொங்கக் காண்போர் உடனே அதைப் பற்றி இழுக்கின்றனர். அவ்வாறு இழுத்தால் முள் உள்ளே கிழித்துவிடும். நரம்பை அவ்வாறே விட்டு, மிருக வைத்தியரிடம் கொண்டு செல்வதே முறை.

நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. இளைத்து மூச்சு வாங்குவதாலேயே அது தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கின்றது. ஆதலால் உச்சிவேளை மணலில் அதனைக் கட்டிவைத்தல் கொடுமையாகும். நிழலும், உப்புக் கலவாத நீர் நிறைந்த ஒரு சட்டியும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். மற்றொன்று: மனிதரின் மருந்தைப் பிராணிக்குக் கொடுத்தலாகாது. காய்ச்சலுக்கென நாம் உட்கொள்ளும் பரசிற்றமோல் குளிகை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

இனி, மணலில் மறைந்திருக்கும் பகையைப் பார்ப்போம். நாய், பூனை ஆகியவற்றின் குடலில் வாழும் கொக்கிப்புழுக்களுள் ஒன்றுக்கு இலங்கையின் பெயரே அறிவியற் பெயராக அமைந்துள்ளது. இங்குக் கிடைத்த புனுகுப்பூனை ஒன்றின் குடலிற் கண்ட அப்புழுவை லூஸ் என்னும் அறிஞர் 1911ஆம் ஆண்டு விவரித்து, ‘சிலோன்’ என்ற பெயர் விளங்க ‘சிலானிக்கம்’ என்று அதனை அழைத்தார். பிராணியின் மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் ஈர மணலிற் பொரிக்கின்றன. நுண்ணிய புழுக்கள் வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் தோலைத் துளைத்து உட்புகுகின்றன. ஆகவே வைத்தியர் குறிக்கும் தவணைகளில் பிராணிக்குப் பூச்சிமருந்து கொடுப்பதும், முற்றத்து மலத்தை அன்றாடம் அள்ளிப் புதைப்பதும் அவ்வீட்டுக் குழந்தையின் நலத்தையும் காப்பனவாகும்.

இவை யாவற்றினும் கொடியது விசர்நோய். நாய், பூனை, கீரி, நரி, மாடு, ஆடு, கற்பிட்டி வீதிகளில் திரியும் கழுதை என எவ்விலங்கையும் அது பற்றும். மனிதருக்கு அது பெரும்பாலும் நாய்க்கடியாலேயே வருகின்றது. நோய்க்குறி தோன்றிய பின்னர் அதிலிருந்து தப்பிப் பிழைத்தோர் உலகிலேயே மிக அரியர். ஆனால் குறி தோன்றுமுன் தடுப்பூசி பெற்றால் தப்பலாம் என்பதை 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆந் திகதி லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை தொடங்கி மெய்ப்பித்தார். அவர் மறைந்த செப்டம்பர் 28ஆந் திகதியே இன்று உலக விசர்நோய் நாளாகக் கொள்ளப்படுகின்றது.

இலங்கையில் விசர்நோய் தொடர்பான கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. எனினும் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் மாண்டனர். பின்னர் நாய்களுக்குப் பெருந்தொகையாகத் தடுப்பூசி இடப்பட்டதனாலும், கடியுண்டோருக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசச் சிகிச்சை கிடைத்ததனாலும், அத்தொகை படிப்படியாகக் குறைந்து ஆண்டுக்குச் சில பத்துப் பேர் என்னும் அளவிற்கு இறங்கியது. எஞ்சிய இம்மரணங்களும் தடுக்கத்தக்கவையே.

அவ்வாறாயின் அவை ஏன் நிகழ்கின்றன? ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அயலூரிலிருந்து படகில் வந்த குட்டி நாய் ஒன்றுடன் சிறுவன் விளையாடுகின்றான். குட்டியின் பல் அவன் விரலிற் பதிந்து, ஒரு துளி இரத்தம் கசிகின்றது. அம்மா ஏசுவாள், குட்டியைத் துரத்திவிடுவாள் என்றஞ்சி அவன் அதனை மறைத்துவிடுகின்றான். சில நாளிற் குட்டி இறக்கின்றது. குட்டிகள் சாவது புதிதன்று என்று ஒருவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. விசர்நோய்க் கிருமியோ உடலுக்குள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஓசையின்றி நரம்பின் வழியே மூளையை நோக்கிச் செல்லவல்லது. ஆகவே பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: “நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும் உடனே வந்து சொல், உன்னை ஏசமாட்டோம்.” இச்சொல்லை நம்பும் பிள்ளை காயத்தை மறைப்பதில்லை.

கடித்தவுடன் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் ஆகியன பூசலாகாது. பின்னர் காலந்தாழ்த்தாது அரச வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பல ஊசிகள் போடுவார்கள் என்னும் அச்சம் பழைய காலத்துக்கு உரியது. இக்காலத்து ஊசி கையிலேயே போடப்படுகின்றது. வைத்தியர் குறித்த நாள்களில் ஒன்றையும் தவறவிடலாகாது. கடித்த நாயை அடித்துக் கொல்லாது, இயலுமாயின் கட்டிவைத்து இரு வாரம் கவனித்தல் வேண்டும். அது நலமாயிருக்கின்றதா என்பது வைத்தியருக்குப் பயனுள்ள செய்தியாகும்.

காற்றுக் கடுமையான நாளில் கடியுண்ட பிள்ளையுடன் படகேறும் பெற்றோரின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. அப்பயணம் நேராதிருக்க வழி, அதற்கு முன்னர் வேறொரு படகை வரவழைத்தலாகும். ஊரவர் ஒன்றுகூடி நாள் குறித்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயிலாக நாய்த் தடுப்பூசிக் குழுவினரை அழைத்தல் கூடும். மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் குளிரிலே பேணப்பட வேண்டியதாதலால், ஒவ்வொரு நாயையும் கடல்கடத்திச் செல்வதினும், பனிக்கட்டிப் பெட்டியுடன் அவர்கள் வருவதே எளிது. அன்று நாய்கள் யாவற்றையும் ஓரிடத்திற் சேர்த்தல் ஊரவர் கடமை. மூன்று மாதம் நிறையாத குட்டிகளையும் ஒதுக்கலாகாது. அவற்றுக்கும் ஊசி இடலாம். அதன்பின் வைத்தியர் கூறும் தவணையிலும் ஆண்டுதோறும் மீண்டும் இடல் வேண்டும். நூற்றுக்கு 70 நாய்களாவது காப்புப் பெற்றிருப்பின் நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ இயலாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு.

வைத்தியசாலையைத் தொலைவாக்கும் அதே நீர், நாய்களுக்கு ஊசியிட்ட ஊருக்கு வேலியாகவும் அமையக்கூடும். அவ்வேலியிற் பொத்தல் இடுவோர் மனிதரே. ஊசியிடாத குட்டியைப் படகிலே கொண்டுவருவது ஒரு பொத்தல். பருவத் தொழிலுக்கு வாடியமைத்தோர், சோளகக் காற்றுத் தொடங்கியதும் வலையையும் சட்டி பானையையும் ஏற்றிக்கொண்டு, வாடி காத்த நாயைக் கரையிலே விட்டுச் செல்வது மற்றொரு பொத்தல். அந்நாய் பசியால் அலைகின்றது. ஈனும் குட்டிகளுக்கு உரியவர் எவருமிலர். தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசு 2006ஆம் ஆண்டிற் கைவிட்டது. தடுப்பூசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையுமே இன்று உகந்த வழிகள். ஆதலால் பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்வித்தலும், செல்லும்போது நாயையும் உடன் அழைத்துச் செல்லுதலும் வளர்ப்போர் கடன்.

நாய் ஊசி கேட்டு வருவதில்லை. பூனை தன் வயிற்று நோவைச் சொல்லுவதில்லை. அவற்றுக்காக நினைவு வைத்திருக்க வேண்டியவர் வீட்டுக்காரரே. அடுத்த முறை கற்பிட்டிக்குப் படகேறும்போது, வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலிலே, “நாய் ஊசிக்கு நாள் கேட்டல்” என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.