மூத்தது சோடை என்றால் இளையதுமா சோடை?

நடுவர் அவர்களே! எதிரணித் தம்பி, "அஸ்திவாரமே ஆட்டம், அதுக்கு மேலே மாடி எதுக்கு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். வாங்கட்டும். நான் ஒரே ஒரு படத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

1978-இல் ஜான் கார்பென்டர் 'ஹாலோவீன்' எடுத்தார். ஆறு வயதுப் பையன் சொந்த அக்காவைக் கொல்கிறான். வளர்ந்து, வெள்ளை முகமூடியோடு திரும்பி வருகிறான். ஏன் கொன்றான்? படம் சொல்லாது. அந்த 'ஏன்'தான் ஐயா பயமே!

2007-இல் ராப் ஜோம்பி அதையே மறுபடி எடுத்தார். (பேரே அதுதான், நான் வைக்கவில்லை!) பையனுக்கு வீடு சரியில்லை, பள்ளிக்கூடத்திலே கேலி என்று காரணமாக அடுக்கினார். இருட்டறையிலே டியூப் லைட்டைப் போட்டுவிட்டு, "பயப்படு" என்றால் எவன் பயப்படுவான்? பின்பாதியிலே பழைய கதையை அவசர அவசரமாக ஒப்பித்துவிட்டார்.

2009-இல் அதே மனிதர் இரண்டாம் பாகம் எடுத்தார். 1981-இல் வந்த பழைய இரண்டாம் பாகம் ஆஸ்பத்திரியிலே நடக்கும். இவரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார். துரத்தல், ரத்தம், அலறல்... திடீரென்று லாரி விழித்துக்கொள்கிறாள். கனவு! அதோடு ஒப்பித்தல் முடிந்தது. இனி அவர் சொந்தக் கதை.

லாரி யார்? முதல் படத்திலே பிழைத்த பெண். பிழைத்தாளே தவிர, வாழ்ந்தாளா? தூக்கம் கிடையாது. மாத்திரை. மனநல மருத்துவரிடம் நடை. அடைக்கலம் கொடுத்த தோழி ஆனியிடமே எரிந்து விழுகிறாள். கொலைகாரனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் லூமிஸ், அந்தக் கதையைப் புத்தகமாகப் போட்டு விற்கிறார். கொலைகாரன் தன் கூடப் பிறந்த அண்ணன் என்பதை, விலைக்கு விற்கிற புத்தகத்திலே படித்து அந்தப் பெண் தெரிந்துகொள்கிறாள்! இதைவிட ஒரு கத்திக்குத்து உண்டா?

ஆனியின் அப்பா ஊர் ஷெரீப். ஊரையே காப்பாற்ற வேண்டியவர் வீட்டுக்கு ஓடி வருகிறார். மகள் பிணமாகக் கிடக்கிறாள். பிராட் டூரிஃப் அங்கே ஷெரீப்பாக நிற்கவில்லை, பெற்றவராக உடைந்து போகிறார். இந்த மாதிரிப் படங்களிலே பிணத்தை எண்ணுவார்களே தவிர, யார் ஐயா அழுவார்கள்?

வெள்ளைக் குதிரையோடு செத்துப்போன அம்மா அடிக்கடி தோன்றுவது அலுப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ரத்தமும் தேவைக்கு மேலே. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படமே இல்லை. வசூலும் முந்தியதைவிடக் குறைவு. தம்பி அந்தக் கணக்கைத் தாராளமாகக் காட்டட்டும். எனக்கு அடுத்து வருகிற அம்மா ஒன்று மட்டும் சொல்லட்டும்: அந்தத் தகப்பன் அழுகைக்கு ஈடாக ஒரு காட்சி 2007 படத்திலே எங்கே இருக்கிறது?